தனிமை குறித்த வாய்மொழித் தேர்வு

காலை பத்து இருபது. கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை மேசை மீதிருந்த பொன்னாடைகள். தேர்வு இன்னும் தொடங்கவில்லை; தேறியதற்கான சமோசா வந்துவிட்டிருந்தது. முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வுகள் இப்படித்தான். யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேட்கலாம். அதனால் கேள்விகளை முன்கூட்டியே நண்பர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுவது வழக்கம்.

என்னிடம் ஆய்வு செய்தவர் கௌரவ விரிவுரையாளர். நவீனத்துவ நாவல்களில் நாயகனின் தனிமை என்பது அவருடைய தலைப்பு. நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்க அந்த வாரமே கடைசி; பட்டம் இல்லாமல் விண்ணப்பம் செல்லாது. தேதியைக் குறித்தவர் வெளியூர்த் தேர்வாளர். அன்று பௌர்ணமி, ஊரில் கிரிவலக் கூட்டம் இருக்கும் என்பதை அவர் கவனிக்கவில்லை. கேள்வி வைத்திருந்த நண்பர்கள் வந்த பேருந்தைப் போலீசார் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

ஆய்வாளர் தடுமாறாமல் பேசி முடித்தார். தேர்வாளர் அவையைப் பார்த்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றார். மின்விசிறிகள் மட்டும் ஓடின. விவாதமே நடக்காத தேர்வுக்கு அறிக்கை எழுத முடியாது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார்.

பின்வரிசையில் ஆய்வாளரின் மனைவி எழுந்தார். ஆட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தவரும் அவரே.

"எல்லா நாவல்லயும் அவன் தனியா இருக்கான்னு எழுதியிருக்கீங்க. பாதி நாவல்ல வீட்ல பொண்டாட்டி இருக்கா. சோறு போடறா. அப்புறம் எப்படிங்க அவன் தனி?"

என் பக்கத்திலிருந்த துறைத்தலைவர், "ஏம்மா, இதை வீட்லயே கேட்டிருக்கலாமே?" என்றார்.

"கேட்டேங்க சார். வைவா முடியட்டும்னுட்டாரு."

கூடம் சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. "இது அகத்தனிமை. பக்கத்துல ஆள் இருந்தும்..." என்று தொடங்கினார்.

"அது மூணாவது அத்தியாயத்துல இருக்கு. நான்தானே டைப் பண்ணேன். அவன் பேசலன்னா அவளும் தனியாத்தானே இருக்கா? அவளப் பத்தி ஒரு வரி கூட இல்லியே, அதைக் கேக்கறேன்."

நான் கல்லூரிக்கு வருமுன் நாளிதழில் உதவி ஆசிரியனாக இருந்தேன். எந்தச் சம்பவமானாலும் 'வீட்டில் வேறு யார் இருந்தார்கள்' என்று நிருபரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தியை அனுப்புவோம். திறனாய்வில் அந்தக் கேள்விக்கு வேலை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அந்நியமாதல், இருத்தல் என்ற சொற்களே வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிடுகின்றன.

ஆய்வாளர் கையிலிருந்த குறிப்புத்தாள்களைப் புரட்டினார். பிறகு கீழே வைத்தார்.

"அதை நான் பாக்கலைங்க" என்றார், தேர்வாளரிடம்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கலன்னா பாக்கலன்னு சொல்றதும் பதில்தான். நாலு மேற்கோள் சொல்லி நழுவாம இருந்தீங்களே."

பட்டத்துக்குப் பரிந்துரைத்துத் தேர்வாளரும் நானும் கையெழுத்திட்டோம். பொன்னாடைகள் எங்கள் தோள்களுக்கு வந்தன. அறிக்கையில் கேள்வி கேட்டவர் என்ற இடத்தில் 'பார்வையாளர் ஒருவர்' என்று எழுதினேன்.