அக்காவுக்காகத் தாழ்த்திய வண்டி

மரக்காணம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் அக்காவைத் தூக்கி ஏற்றிய அந்தக் காலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஐம்பதுகளின் கடைசி. திண்டிவனத்தில் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. படி அக்காவின் முழங்காலுக்கு மேலே இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயன்று பார்த்தாள். அந்தக் கண்டக்டரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷன்தான். "ஜல்தி ஏறும்மா, டைம் ஆவுது" என்று சொல்லிப் பார்த்தார். பிறகு பொறுமை போய், கீழே குதித்து, அக்காவை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பின்னால் ஏறிய எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். வெயிலில் தடியை ஊன்றிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "இனிமே என்ன யாரும் தூக்கக் கூடாது. நீயும்தான்." அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலோடுதான் படித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்தாள். கணக்கில் புலி. பெருமுக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாமென்று கிளம்பியபோதுதான் இந்தக் கண்டக்டர் விவகாரம். அடுத்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று உத்தரவில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஊரில் தனியாகத் தங்க ஒரு பெண்ணுக்கு யாரும் வீடு கொடுப்பதாக இல்லை. மாட்டுவண்டியில் போனால் பாதிப் பாடம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். மிச்சம் இருந்தது என் பிக்கப் வண்டி ஒன்றுதான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட சரக்கு. சென்னையில் ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து நான் வாங்கினேன். காலையில் காலி வண்டியோடு பெருமுக்கல் பக்கத்துக் கிராமங்களுக்குப் போவேன். சாயங்காலம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மண்டிக்குத் திரும்புவேன். அதே வழியில்தான் அக்காவின் பள்ளிக்கூடமும். ஆனால் வண்டியின் உயரம் இருக்கிறதே, நானே எம்பிக் குதித்துத்தான் ஏறுவேன்! முக்காலி போட்டுப் பார்த்தோம். மணலில் அது சரிந்து அக்கா விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "ஒரு வாட்டி தூக்கி உட்கார வெச்சிடறேன்க்கா, யாருக்குத் தெரியப் போவுது" என்றேன். "எனக்குத் தெரியும்டா. நான் என்னா கைக்கொழந்தையா?" என்றாள்.

அவள் எதன்மேல் உட்கார்ந்தாலும் அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள், பின்னால் கையை ஊன்றி உட்காருவாள், அப்புறம் இரண்டு கையாலும் அந்தக் காலை எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள். ஏறுபலகை, படி எதுவும் அவளுக்கு உதவாது. சீட்டு அவள் இடுப்புக்குச் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே தன்னிடமிருந்த இரண்டு தடிகளிலும் ஒரே உயரத்தில் கத்தியால் கோடு கீறி, ஒன்றை என்னிடம் நீட்டினாள். "சீட்டு இந்தக் கோட்டுக்குக் கீழ வந்தா நான் ஏறுவேன். மேல இருந்தா வேலைக்கு நான் போவல, நீயும் பேசாத."

விழுப்புரத்தில் என் வண்டியைப் பழுது பார்க்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஒல்லியான மனுஷர், காதில் எப்போதும் பீடி. தடியை வாங்கிச் சீட்டுப் பக்கம் நிறுத்திப் பார்த்தார். கோட்டுக்கு மேலே ஒரு சாண் இருந்தது. வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து வந்து, "எறக்கிடலாம் தம்பி. ஸ்பிரிங்ல ரெண்டு ரெண்டு பட்டைய உருவிட்டு, அச்சுக்கும் அதுக்குக் கீழ இருக்கற ஸ்பிரிங்குக்கும் நடுவுல கட்டை குடுத்தா வண்டி உக்காந்துடும். ஆனா நீ போற வண்டிப் பாட்டையில நடு மேடு கீதே, அது வயித்துல இடிக்குமே" என்றார். கொஞ்ச நேரம் பீடியை உருட்டிவிட்டு அவரே வழியும் சொன்னார். லாரியிலிருந்து கழற்றிய பெரிய சக்கரம் நாலு அவரிடம் இருந்தது. அதை மாட்டினால் மேடும் இடிக்காது, மணலிலும் புதையாது. எனக்கு அந்த மனுஷர் காலில் விழலாம்போல இருந்தது. வாரம் முழுக்க என் பிழைப்பை விட்டுவிட்டு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அலைந்தேன். சனிக்கிழமை பட்டறையில் தடியை நிறுத்தினோம். சீட்டு கோட்டோடு கோடாக நின்றது. மேஸ்திரி பீடியைப் பற்ற வைத்தார். நான் போய் டீ சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பெரிய சக்கரங்களையும் மாட்டி முடித்திருந்தார். புது மாப்பிள்ளை மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் இருவரின் அறிவையும் என்ன சொல்ல! பழைய சக்கரத்தில் நிறுத்தி அளந்துவிட்டு, அதன்பிறகு பெரிய சக்கரத்தை மாட்டினால் வண்டி மறுபடியும் உயராதா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா தடியோடு வந்து சீட்டுப் பக்கம் நின்றாள். கோட்டுக்கு மேலே நாலு விரல். திரும்பி நின்று, கையை ஊன்றி, எம்பிப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தரம் எம்பினாள். உள்ளே போனாள். மறுநாளுக்கென்று தேய்த்துக் கொடியில் போட்டிருந்த புடவையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். மேஸ்திரியை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். சக்கரத்தை எட்டி உதைத்து என் கட்டை விரலைத்தான் நசுக்கிக்கொண்டேன்.

பெட்டியை மூடிய கையோடு அக்கா கேட்டாள்: "ஏன்டா, சாயங்காலம் நீ மல்லாட்டை ஏத்திக்கினு வர்றியே, அப்போ வண்டி இவ்ளோ உசரமாவா இருக்கும்?"

"இருக்காது. பாரத்துக்கு ஸ்பிரிங்கு எறங்கிடும்."

"எவ்ளோ எறங்கும்?"

நான் சக்கரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மண்டிக்குப் போய்ப் பத்து மூட்டை கேட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னா தம்பி, ஊரே மல்லாட்டைய டவுனுக்கு ஏத்திக்கினு வருது, நீ டவுன்லேருந்து காட்டுக்கு எடுத்துக்கினு போற? வெதைக்கப் போறியா?" சிரித்துவிட்டுப் போகட்டும். பத்து மூட்டையையும் சீட்டுக்குப் பின்னால் நெருக்கி அடுக்கச் சொன்னேன். வண்டி இறங்கியது, எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் எங்கள் தெரு முனையில் திருப்பினேன் பாருங்கள், கறகறவென்று ஒரு சத்தம், ரப்பர் தீய்ந்த நாற்றம். பெரிய டயர் மட்கார்டில் உரசிப் புகைந்தது. வாசலில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மணி எட்டு. இந்த வண்டி பெருமுக்கல் போவதற்குள் டயர் வெடித்துவிடும். மூட்டையை இறக்கினால் அக்காவால் ஏற முடியாது.

அப்போது தெருவில் ஓட்டமும் நடையுமாக ஒருவர் வந்தார். தோளில் சாமான் பை, காதில் பீடி. விழுப்புரத்திலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருக்கிறார் மேஸ்திரி!

"தப்பு என்னுதுதான் தம்பி. பழைய சக்கரத்துல அளந்துட்டேன். ராத்திரி படுத்ததும்தான் உரைச்சுது. தூக்கமே வர்ல, ஒரே பேஜாராப் பூட்ச்சி." என் பதிலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. மூட்டைகளைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. "மூட்டை யாரு ரோசனை?" என்றார். அக்காவைக் காட்டினேன். "டீச்சரம்மா, நீங்க பட்டறைக்கு வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். மட்கார்டின் ஓரத்தைத் தகரம் தகரமாக வெட்டித் தள்ளினார். அரை மணி நேரம் தெருவே காதைப் பொத்திக்கொண்டது. வண்டி பார்க்கச் சகிக்கவில்லை, எலி கடித்த முறம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டயர் தாராளமாகச் சுற்றியது.

தெரு கூடிவிட்டது. அக்கா பெட்டியிலிருந்து புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். தடியை நிறுத்திப் பார்த்தாள். சீட்டு கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. திரும்பி நின்றாள். என்னால் பார்க்க முடியவில்லை, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சீட்டு முனகுகிற சத்தம், வளையல் சத்தம், பிறகு கதவு சாத்துகிற சத்தம். "ஏன்டா, செவுத்தப் பாத்துக்கினு நிக்கற? மணி ஆவுது" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

இப்போது சென்னையில் தரையோடு தரையாக வந்து நிற்கிற பஸ்கள் ஓடுகின்றன. போன மாதம் ஒன்றைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் யாரையும் கேட்காமல் அவள் பாட்டுக்கு ஏறிப் போனாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா என்று இருந்தது. எங்களுக்கு இதற்கு ஒரு மேஸ்திரியும், நாலு லாரிச் சக்கரமும், பத்து மூட்டை மல்லாட்டையும் வேண்டியிருந்தன.

டயர் உரசுகிறதா என்று பார்க்க அன்றைக்கு மேஸ்திரி மூட்டைகளின் மேல் உட்கார்ந்தே வந்தார். நடு மேடு இடிக்கவில்லை, மணலிலும் புதையவில்லை. பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பள்ளிக்கூட வாசலில் போய் நின்றோம். தலைமையாசிரியர் வெளியே வந்து, அக்காவின் தடியைப் பார்த்துப் பதறி, "யாராச்சும் வந்து டீச்சரப் புடிங்கப்பா" என்று குரல் கொடுத்தார். ஆள் வருவதற்குள் அக்கா இறங்கி நின்றாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, உத்தரவுக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். மணி அடித்தது. நான் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன், சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வாரம் முழுக்க நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எல்லாம் அப்போதுதான் இறங்கியது.

மேஸ்திரி கீழே குதித்து வந்து, நான் கண்ணைத் துடைக்கும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "தம்பி, இந்த மூட்டைங்கள இங்கியே எறக்கிடலாமா?"

"ஒண்ணுகூட எறக்காதீங்க. சாயங்காலம் டீச்சர் ஏறி வூட்டுக்குப் போவணும்."