வாசலில் போட்ட முடிச்சு

என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடக்கிறது. அடி தேய்ந்துவிட்டது. வலது ஷூவின் கயிற்றில் ஒரு முடிச்சு. துணி பண்டல் கட்டும்போது போடுகிற முடிச்சு அது, கத்தரிக்காமல் அவிழாது. போட்டவர் ஓமானில், ரூவியில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையின் முதலாளி. காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் ஊர் வழக்கப்படி அவரைக் காக்கா என்போம், அண்ணன் என்று பொருள். நான் தூத்துக்குடி வேதக்காரன், கிறிஸ்தவன்.

காக்காவின் மகள் சைப்ரஸில் படித்தாள். அவளுடைய பட்டமளிப்புக்குத் தனியே போகப் பயந்து என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய பள்ளிவாசலைப் பார்க்கப் போனோம். பல நூற்றாண்டுகளுக்கு முன் அது கோத்திக் பாணியில் கட்டிய கிறிஸ்தவப் பேராலயம், ஒரு சுல்தானின் படை ஊரைப் பிடித்ததும் பள்ளிவாசலானது. வெளியே இன்றும் கோயில் முகம்தான், ஓரத்து மினாரா மட்டும் பிற்பாடு வந்தது. உள்ளே அண்ணாந்தால் கழுத்து வலிக்கும். தூண்கள், கூரான வளைவுகள், எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்திருந்தார்கள். புனிதர்களின் சுரூபம் இல்லை, பூசைப் பீடம் இல்லை. தரைவிரிப்பின் கோடுகள் மட்டும் கட்டடத்தோடு ஒட்டாமல் சாய்வாக ஓடின. கட்டடம் கிழக்கே பார்க்கிறது, தொழுகிறவர்கள் மக்காவைப் பார்க்க வேண்டுமே. காக்கா கோடுகளைப் பார்த்து நின்றார். நான் தூண்களைப் பார்த்து நின்றேன். கோயில் நடுவழியில் நின்றால் சின்ன வயதிலிருந்தே என் கால் என்னைக் கேட்காது. பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தைப் பார்த்து வலது முழங்காலை ஊன்றிச் சிலுவை போட்டுவிட்டேன்.

காவலாளி கத்திக்கொண்டு வந்தான். தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து சூழ்ந்தார்கள். ஒருவன் என் முகத்துக்கு நேரே போனைத் தூக்கினான். அவர்கள் பேசியதில் போலீஸ் என்ற சொல் மட்டும் புரிந்தது. கேஸ் விழுந்தால் என் ஓமான் விசா போகும், என் சம்பளத்தில் நடக்கிற வீடு நின்றுபோகும்.

காக்கா குறுக்கே வந்தார். “ருக்பா, ருக்பா” என்று அரபியில் சொல்லி என் முட்டியைத் தட்டிக் காட்டினார். முட்டி பலவீனம், விழுந்துவிட்டான், வலியில் நெஞ்சைத் தடவினான் என்று சைகை. சாயம் போகுமா என்று கேட்டால் போகும் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுக்கிற மனுஷர், பள்ளிவாசலுக்குள் நின்று பொய் சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. “நான் என்ன களவா எடுத்தேன் காக்கா? சாமி கும்பிட்டதுக்கு எதுக்கு என்னைய நொண்டியாக்குறிய?”

“வாய மூடிக்கிட்டு நொண்டுடா. உம் பொண்டாட்டிக்கு நானா பதில் சொல்ல?”

“எந்தக் கால?”

“ஊனுன காலத்தான். மாத்திக் கீத்தித் தொலைக்காத.”

காவலாளி வாசல் வரை பின்னாலேயே வந்தான். முட்டி போனவன் குனிந்து ஷூ மாட்ட முடியாதே. காக்கா அந்த வாசற்படியில் என் முன்னால் ஒற்றை முழங்காலை ஊன்றினார். நான் உள்ளே ஊன்றிய அதே மாதிரி. கயிற்றை இழுத்துக் கட்டினார். அதைப் பார்த்துவிட்டுத்தான் காவலாளி உள்ளே போனான். ஓட்டலில் முடிச்சை அவிழ்க்காமலே காலை உருவினேன்.

காக்கா போன வருஷம் இறந்துவிட்டார், அவர்கள் பேச்சில் மவுத்து. இப்போது எங்கள் ஊர் வேதக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தக் கட்டடத்தின் படம் சுற்றுகிறது. “நம்ம கோயில எப்படிப் பிடுங்கியிருக்கானுவ பாருங்க. நாமளும் அவனுவட்டப் பிடுங்கணும்” என்று எழுதுகிறார்கள். அன்று பிடுங்கியதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இவர்களில் ஒருவனும் அந்த வாசலை மிதித்ததில்லை. “நீங்க போயிருக்கியல்லா, சொல்லுங்கண்ணே” என்றான் ஒருவன். முடிச்சு தெரிய ஷூவைப் படம் எடுத்துப் போட்டேன்.

“இது என்ன?”

“எங்க முதலாளி கட்டுனது. அந்த வாசல்ல முழங்கால் போட்டுக் கட்டுனாரு. அவர்ட்டயும் பிடுங்கணுமால?”

என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். வெளியே எடுத்த ஷூவை மாட்டிப் பார்த்தேன். முடிச்சை அவிழ்க்காமலே கால் உள்ளே போனது.