பெயிண்ட் அடிக்காமல் எஃப்.சி.க்குப் போன வண்டி

1. மிதி இறங்கியது

பிரேக் இன்ஸ்பெக்டர் மிதியை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தார். வண்டி கோட்டுக்கு முன்னாலேயே, எந்தப் பக்கமும் இழுக்காமல், நேராக நின்றுவிட்டது. ஆனாலும் அவர் காலை எடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதி மெல்ல மெல்ல இறங்கித் தரைப்பலகையைத் தொட்டது.

“இன்னாப்பா, வண்டி நின்னுது. பிரேக் நிக்கலியே” என்றார். ஃபாரத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். ஃபெயில். இரண்டாவது தடவை.

அது பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வண்டி. ‘வெப்பன் கேரியர்’ என்பார்கள். ஜீப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும், நாலு சக்கரமும் இழுக்கும். ஜவ்வாது மலைப் பாதையில் ஏறி, தோல் பதனிடக் கடுக்காய் மூட்டை கொண்டுவர எங்கள் ஆம்பூர் தோல் ஷாப்பில் வேறு வண்டி கிடையாது. கடுக்காய் இல்லாத நாட்களில் சந்தைகளுக்குப் போய் உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றி வரும்.

நான் அங்கே வண்டி ஷெட்டு குமாஸ்தா. என்ன சாமான் மாற்றினார்கள் என்று எழுதுவதும், எஃப்.சி. என்கிற வருஷாந்திரத் தகுதிச் சோதனைக்கு ஃபாரம் நிரப்புவதும் என் வேலை. “வண்டி நல்ல நிலையில் இருக்கிறது” என்று இரண்டு தடவையும் இங்கிலீஷில் எழுதினவன் நான்தான்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

“அடுத்த மாசம் மூணாவது தபா. அன்னிக்கும் ஃபெயில்னா வண்டி காயலான் கடைக்கு, நீ உங்கப்பன்கூட சுண்ணாம்புக் குழிக்கு. படிச்ச பையன்னுதானே ஷெட்டுல வெச்சேன்? பாக்காமயே எழுதறதுக்கா படிச்சே?”

அப்பா பதினெட்டு வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர். சோற்றில் குழம்பு காரமாக இருந்தால் சுண்ணாம்பு அரித்த விரல் எரிந்து கையை உதறுவார். எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த முதல் ஆள் நான். முதலாளி சொன்னது நிஜம். நான் பார்க்காமல்தான் எழுதியிருந்தேன்.

2. கிளிப்புக்கு அடியில்

ஷெட்டின் பெரிய மெக்கானிக் மஸ்தான் பாய். எஃப்.சி. என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. பிரேக் ஆயில் ஊற்று, சேசிஸுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடி, ஊதுவத்தி கொளுத்து. ஊரில் எல்லா ஷெட்டிலும் அதே முறைதான்.

மறுநாள் நான் சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன்.

“இன்னா தம்பி, தூக்கம் வருதா?”

“பிரேக் ஆயில் எங்கயோ ஒழுவுது பாய், அதான் மிதி எறங்குது. எங்கன்னு பாக்கறேன்.”

“ரிஜிஸ்டர்ல எழுதிருக்கும், பாரு” என்றார். ஷெட்டு முழுக்கச் சிரித்தது.

பிரேக் பைப்பு சேசிஸ் ஓரமாகப் போகிறது. அங்கங்கே ஒரு கிளிப் அதைப் பிடித்திருக்கிறது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஆனால் கிளிப் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

தோல் ஷாப்பில் வளர்ந்தவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டாம். தோல் வந்ததும் முதல் வேலை, தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை இறக்குவது. அந்தத் தோலைச் சுமந்து வந்த வண்டியை யாரும் கழுவினதில்லை. பலகை இடுக்கில் ஒழுகின உப்புத்தண்ணீர் வருஷக்கணக்காகக் கிளிப்புகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. அதற்குமேல் நாங்கள் வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து மூடியிருந்தோம்.

கிளிப்பைக் கழற்றினேன். அடியில் பைப்பு துருப்பிடித்துக் காகிதமாக இருந்தது. “பாய், மிதியைக் கொஞ்சம் அழுத்துங்க” என்றேன். வியர்வை மாதிரி ஒரு துளி ஆயில் எழும்பி வந்தது.

மஸ்தான் பாய் இறங்கி என் பக்கத்தில் வந்து படுத்தார். பைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“மூணு வருசமா இந்தக் கிளிப்ப நான் கழட்டல தம்பி. மலை எறக்கத்துல எத்தினி தபா வந்துருக்கோம்” என்றார். அப்புறம் எழுந்துபோய் இரும்பு பிரஷ் இரண்டு எடுத்துவந்தார். ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

இருபது நாள் சுரண்டினோம். பைப்பு முழுக்கப் புதுசு. சேசிஸைச் சுத்தியால் தட்டி, செத்த சத்தம் வந்த இடத்திலெல்லாம் தகடு வைத்து ரிவிட் அடித்தோம். பலகைக்குக் கீழே தகரத் தட்டு ஒன்று செய்து, உப்புத்தண்ணீர் பின்பக்கமாக வெளியே ஒழுக வழி வைத்தேன். வண்டி நிறையச் சரக்கு ஏற்றி மலை ஏறி இறங்கினோம். அடிவாரத்தில் பிரேக் சூடாக இருக்கும்போதே நான் மிதியை அழுத்தினேன். மஸ்தான் பாய் ஒரு பீடி பற்றவைத்தார். பீடி முடிகிறவரை மிதி இறங்கவில்லை.

3. கோவணம் கட்டின மாப்பிள்ளை

எஃப்.சி.க்கு முதல் நாள் மஸ்தான் பாய் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். நான் வேண்டாம் என்றேன்.

“அடிச்சா நாம செஞ்சது தெரியாது பாய்.”

“பைத்தியமா? கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய கோவணத்தோட அனுப்புவியா?”

அப்படித்தான் அனுப்பினோம். எஃப்.சி. மைதானத்தில் பளபளக்கிற லாரிகளுக்கு நடுவில் எங்கள் வண்டி நின்றது, மயிர் எடுத்த தோல் மாதிரி. டிரைவர்கள் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். முதலாளி தன் காரிலிருந்து இறங்கவே இல்லை.

இன்ஸ்பெக்டரிடம் ஒரு தாளைக் கொடுத்தேன். மாற்றின சாமான்கள் எல்லாம் எழுதி, கடைசியில் ‘மாற்றாதது’ என்று ஒன்று எழுதியிருந்தேன்: பின்பக்கம் வலது ஸ்பிரிங்கில் ஒரு பிளேடு தேய்ந்திருக்கிறது, மெட்ராஸிலிருந்து வரவேண்டும்.

“நீயே காட்டிக் குடுக்கறியே. இதுக்கே ஃபெயில் போட்டா?”

சுண்ணாம்புக் குழி கண்ணில் வந்து போனது.

“நான் சொல்லலேன்னாலும் நீங்க பாத்துடுவீங்க சார்.”

“பாத்திருக்க மாட்டேன்” என்றார்.

அடியில் குனிந்து சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். ஓட்டினார், கோட்டில் நிறுத்தினார், மிதியை அழுத்தியபடி உட்கார்ந்தார். மஸ்தான் பாய் பீடி பற்றவைத்தார்.

“ஏம்பா, அது எதுக்கு?”

“டயம் பாக்க சார்.”

பீடி விரலைச் சுட்டது. மிதி அசையவில்லை. இன்ஸ்பெக்டர் பானெட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிளேடு மாற்ற ஒரு மாதம் கெடு எழுதினார். பிறகு மற்ற லாரிக்காரர்களைப் பார்த்து, “அடுத்த மாசத்துலேருந்து எல்லாரும் இப்படியே கொண்டாங்க. பெயிண்ட பாத்து பாத்து எனக்கு கண்ணு வலிக்குது” என்றார்.

முதலாளி அப்போதுதான் இறங்கினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். “நாளையிலேருந்து நம்ம ஷாப்போட அஞ்சு லாரியும் உன் பொறுப்பு. பாத்துட்டு எழுது” என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். “பாஸா?” என்றார். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்றும் இந்த ஒரு வார்த்தைதான் கேட்டார்.

அடுத்த மாதம் மைதானத்தில் லாரிகளெல்லாம் சுரண்டின இரும்போடு வரிசையாக நின்றன. “பெயிண்டு கடைக்காரன் நம்ம ரெண்டு பேரையும் தேடிட்டிருக்கானாம் தம்பி” என்றார் மஸ்தான் பாய்.

ஷெட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் வருஷத்தில் ஒருநாள் மிதிக்கிறார். மற்ற நாளெல்லாம் மலை இறக்கத்தில் நாம்தான் மிதிக்கிறோம். அதனால் கிளிப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அந்த வண்டி இன்றும் மலை ஏறுகிறது. மஸ்தான் பாய் டாக்டர் சொன்னார் என்று பீடியை விட்டுவிட்டார். எஃப்.சி.க்கு முதல் நாள் மட்டும், மிதிக்காக, ஒன்று பற்றவைக்கிறார்.