லெந்துக்கு நான் விட்ட மாத்திரை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மின்தூக்கி பழுதுபார்ப்பது என் தொழில். அந்த மின்தூக்கிக்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டிப்போனது. மீன்காரன் மீன் வாடைக்கு மயங்கி விழுந்த கதைதான். சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போகச் சிரிப்பு குறைவு.

என் மனைவி ஸ்டெல்லா புற்றுநோயில் படுத்து, கர்த்தரிடம் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கில் வேலை. மின்தூக்கி கீழ்த்தளத்தில் நிற்கிறது. கதவும் திறந்திருக்கிறது. எனக்கோ நெஞ்சு இடிக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. செத்தேன் என்றே நினைத்தேன். அவசரப் பொத்தானை அமுக்கினேன். அமுக்கினால் எங்கள் கம்பெனிக்குத்தான் அழைப்பு போகும். எடுத்தவன் என்னோடு வேலை செய்யும் முருகன்.

"யாரு, சாமுவேல் அண்ணனா? ரிப்பேர் பண்ணப் போன நீங்களே மாட்டிக்கிட்டீங்களா?"

"ஆமாடா."

"கதவு திறக்கலையா?"

"திறந்துதான்டா இருக்கு."

"அப்ப வெளிய வாங்க லா!"

வெளியே வர முடியவில்லை. அதுதான் என் வியாதி.

கிளினிக்கில் பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, இது பீதி என்றார் டாக்டர். பதற்றத்தைத் தணிக்கும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாளைக்குத்தான், தூக்கம் வரும், உயரத்தில் ஏறி வேலை செய்யக்கூடாது, பீர் தொடக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார். என் காதில் விழுந்தது 'தூக்கம் வரும்' என்பது மட்டும்.

தூக்கம் வந்தது. ஸ்டெல்லாவின் தலையணை பக்கத்தில் இருப்பதே தெரியாத தூக்கம். எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாத்திரையில் கேட்ட உடம்பு, போகப் போக இரண்டு கேட்டது. முதல் டாக்டர் இனி தரமாட்டேன், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று கடிதம் எழுதப் போனார். "நான் என்ன பைத்தியமா டாக்டர்?" என்று சிரித்துவிட்டு வந்தேன். பிறகு தேக்கா பக்கம் ஒரு கிளினிக், ஆங் மோ கியோவில் ஒரு கிளினிக் என்று அலைந்தேன். போன இடமெல்லாம் மனைவி இறந்த கதையைச் சொன்னேன். அவளைப் புதைத்த அன்றுகூட நான் அழவில்லை. வந்தவர்களுக்கு ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளினிக்குகளில் மட்டும் அழகாக அழுதேன்.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தன. சபையாரின் வீட்டு ஜெபக்கூட்டத்தில் வழக்கம்போல ஒவ்வொருவரும் எதை விடப்போகிறோம் என்று சொன்னோம். ஒருவர் ஆட்டிறைச்சி. ஒரு சிஸ்டர் கொரிய நாடகம். என் முறை வந்தது. "நான் மாத்திரையை விடுறேன். இன்னையோட சரி" என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். கிரேஸ் சிஸ்டர் மட்டும் கேட்டார்கள்.

"பிரதர், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களா?"

"எல்லா டாக்டருக்கும் மேல ஒரு பெரிய டாக்டர் இருக்காரே சிஸ்டர்!"

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. எனக்கு அது போதுமாயிருந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளை வீட்டுக்குப் போய்க் குப்பையில் போட்டேன்.

அடுத்தடுத்த நாட்களில் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் பாதி சட்டையில்தான். சோறு இறங்கவில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சாத்தான் சோதிக்கிறான் என்று இன்னும் சத்தமாகப் பாடினேன். பாவம், சாத்தானுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கும். பழகிய மருந்தைத் திடீரென்று பிடுங்கியதால் என் உடம்புதான் அலறிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கிளம்பும் நேரம். என் மகள் ரூத் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாலிடெக்னிக்கில் படிக்கிற பிள்ளை. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை. வலிப்பு. தரையில் விழுந்து, கண் செருகி, வாயில் நுரை. முன்பு அம்மாவுக்கு, இப்போது எனக்கு என்று ஒரு வருடத்துக்குள் இரண்டாவது தடவை, அந்தப் பிள்ளை தன்னந்தனியாக ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

மருத்துவமனையில் கண் திறந்தேன். பக்கத்தில் ரூத். அழவில்லை. நான் அவள் அம்மாவுக்கு அழாமல் இருந்தேனே, அதே முகம். என்னம்மா ஜெபம் பண்ணினாய் என்று கேட்டேன்.

"ஜெபமா? கர்த்தரோட சண்டை போட்டேன்பா. அம்மாவக் கேட்டீங்க, குடுத்துட்டேன். இவரைத் தர மாட்டேன்னு சொன்னேன்."

நான் எத்தனையோ சபைகளில் எத்தனையோ அலங்கார ஜெபங்களைக் கேட்டிருக்கிறேன். பரலோகம் உடனே செவிகொடுத்தது அந்தச் சண்டைக்குத்தான் என்று நம்புகிறேன்.

ஒரு சீனப் பெண் டாக்டர் வந்தார். திடீரென்று ஏன் நிறுத்தினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். லெந்துக்காக என்றேன். "நானும் கிறிஸ்தவள்தான். லெந்துக்குக் காப்பியை விட்டிருக்கிறேன். காப்பியை மட்டும்" என்றார். பல மாதம் சாப்பிட்ட இந்த மருந்தை ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரும், உயிரே போகும், மறுபடி தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சபையில் விட்டேன் என்று சாட்சி சொன்ன மாத்திரையை ரூத்தின் கையிலிருந்தே வாங்கி விழுங்கினேன். அவ்வளவு கசப்பான அப்பத்தை நான் புசித்ததே இல்லை.

ஒரே நாளில் விடுவியும் என்று நான் கேட்டேன். கர்த்தர் மாதக்கணக்கில் விடுவித்தார். பயந்து ஓடிய மனநல மருத்துவரிடமே போனேன். ஒரே டாக்டர், ஒரே கிளினிக். கம்பெனியில் உண்மையைச் சொன்னேன், உயரத்தில் ஏறும் வேலையிலிருந்து மாற்றினார்கள். ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் பழைய பீதி எட்டிப்பார்க்கும். கூடவே ஸ்டெல்லாவும் வந்துவிடுவாள். மாத்திரை மூடி வைத்திருந்தது அவளைத்தான். சுவா சூ காங்கில் அவள் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து, செலவழிக்காமல் வைத்திருந்த அழுகையையெல்லாம் அழுதேன். ரூத் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோக் ஒன்றும் வரவில்லை.

இப்போது மாத்திரை இல்லை. பீதி எப்போதாவது வரும். துக்கம் தினமும் வரும். அதற்கு மருந்து கேட்பதில்லை. அதைச் சுமக்கக் கிருபை கேட்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், என் சாட்சியைக் கேட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தூங்க முடியாத பக்கத்து வீட்டாருக்கும் பங்கு கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவரையும் கர்த்தர்தான் அனுப்பியிருக்கிறார் என்று நம்புங்கள். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன். காத்திருக்கும் நேரத்தில் ஜெபிப்போம்.

ரூத்துக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் அறையிலிருந்து "அப்பா?" என்று குரல் வரும்.

"இருக்கேன்மா" என்கிறேன். அந்தப் பதிலைச் சொல்ல என்னை மீதி வைத்தாரே, அவருக்கு ஸ்தோத்திரம்.