கப்பல் பாட்டுக்கு வந்த சாமி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் பிள்ளைப்பாக்கத்து ஆடித் திருவிழாவில் பையன்கள் டிரம்பெட்டில் வாசிக்கிற ஒரு மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கார் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது எங்கள் மாமா கொண்டுவந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை. அக்காவை அவருக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு. ஒருமுறை, கப்பல்காரன் கொடுத்தானென்று ஓர் இசைத்தட்டோடு வந்தார். அயர்லாந்து தேசத்தாராம், தங்கள் நாட்டுப்புறப் பாட்டை கிடாரும் டிரம்மும் வைத்துப் பாடுகிற கூட்டமாம். அட்டையில் முடி வளர்த்த ஆண்கள், நடுவில் ஒரு பெண். அப்பாவின் கண்ணில் அவள் மட்டும்தான் பட்டாள்.

“இவ யார்றா?”

“பாட்றவ, மச்சான். நான் நேர்ல பாத்ததுகூட இல்ல.”

“பாக்காதவ படத்த இன்னாத்துக்குடா பட்டு வேட்டில சுத்தி எடுத்தாந்த?”

தட்டு உடையாமலிருக்க என்றார் மாமா. அப்பா நம்பவில்லை. ஆடி கழிந்ததும் அக்காவுக்கு வாலாஜாபாத் பக்கம் வேறு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கூழ் ஊற்றுகிற அன்று அந்தத் தட்டு மைக்செட்காரரிடம் எப்படிப் போனதோ, கோயில் குழாயில் அலறியது. முதலில் குழல் அழுதது. பிறகு கொட்டு எகிறியது பாருங்கள், பம்பைக்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டுக் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தாள்.

“எவண்டா எம் புள்ள மேல சந்தேகப்பட்றவன்?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. “தாயே, அட்டைல ஒரு பொம்பள கீறாளே?”

“அவளும் எம் பொண்ணுதாண்டா! ஆவணில தாலியக் கட்ட வுடு. இல்ல, உன் வூட்டுப் படி ஏற மாட்டேன்!”

சாமி சொன்னதற்கு மறுசொல் எங்களூரில் கிடையாது. கற்பூரம் ஏற்றினார்கள், ஆவணியில் கல்யாணமும் நடந்தது. பம்பைக்காரர்கள் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டதுதான், இன்றுவரை ஊர் விடவில்லை.

எனக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. நம்ம ஊர் அம்மனுக்கு அந்தப் பாஷை எப்படிப் புரிந்தது? அதையே நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். சாமியாட்டம் என்றாலே பயந்து வீட்டுக்குள் ஓடுகிற அக்கா, அன்று தட்டு சுழலும் முன்பே மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாக அத்தைக்குப் பக்கத்தில் போய் நின்றது ஏனென்று யோசிக்க எனக்குத் தோன்றவேயில்லை.