மாத்தாள்

பந்தைத் தன் வெள்ளைக் கால்சட்டையில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு, முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் நீட்டுவார் எங்கள் கேப்டன். என்னைப் பார்க்க மாட்டார். நான் வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் அவர் தலைமைக் குமாஸ்தா. நான் அவருக்குக் கீழே, தோணியில் ஏறும் மூட்டைகளை எண்ணும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தேங்காய்நார் விரிப்பைப் போட்டு, நாலு பக்கமும் ஆணியடித்து, கம்பெனி டீம் கிரிக்கெட் ஆடும். அங்கே அவர் கேப்டன், நான் மாத்தாள்.

மாத்தாள் என்பது துறைமுகத்துச் சொல். மூட்டை சுமக்கிறவன் களைத்துப்போனால் அவன் இடத்தில் நுழைகிறவன் அவன். எங்கள் டீமில் முதலில் பந்து போடும் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒரே ஒரு ஃபோர் போய்விட்டால் கேப்டனுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை போய்விடும். "ஏலே மாத்தாள், வாலே!" என்பார். ஃபோர் போய்விடுமோ என்ற பயத்திலும் கூப்பிடுவார். கூப்பிடலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கிற நேரத்தில்தான் எனக்குச் சரியான பாடு. எல்லைக்கோட்டோரம் நின்று, பக்கத்து ஆளிடம் பழைய பந்து ஒன்றைப் போட்டுப் போட்டுக் கையைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். ஆட்டத்தில் ஒரு பந்துகூடப் போடாத நாளிலும் என் தோள் தேய்ந்தது அப்படித்தான். போர்க்காலம், பந்து போடத் தெரிந்த சிலர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள் என்று அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இருந்தவர்களை அவர் நம்பியிருக்கலாம்.

எங்கள் விக்கெட் கீப்பர் கடற்கரைக்காரன், தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான். "ஏலே, எல்லாவனுக்கும் நீ மாத்தாள். ஒனக்கு மாத்தாள் யாருலே?" என்று ஒருநாள் கேட்டான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தோள் வலிக்கு எண்ணெய் தடவிவிட்ட வைத்தியர், "இன்னும் இப்பிடியே போட்டேன்னா கை தூக்க வராது பாத்துக்கோ" என்று எச்சரித்திருந்தார். எனக்கும் அது தெரியாமல் இல்லை. உடன்குடியிலிருந்து தனியாக வந்தவன் நான். ஒரு சந்துக்குள் வாடகை அறை, மெஸ்ஸில் சாப்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் பூட்டியதும் யாரோடும் பேச எனக்கு எதுவும் இருக்காது. அத்தனை பெரிய ஊரில் என்னை ஒருவர் கூப்பிட்டார், அதுவும் ஆபத்து நேரத்தில் கூப்பிட்டார் என்றால் அது அந்தப் பொட்டலில்தான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்?

வேறொரு கம்பெனியோடு நடந்த ஆட்டத்தில் அது முடிந்தது. மதியத்திலிருந்தே பந்து என் கையில். உப்புக்காற்றில் உதடு வெடித்தது. கேப்டன் ஒரு ஓவர் விட்டு ஒரு ஓவர் கடலைப் பார்த்தபடி கையை நீட்டினார். நான் போய் வாங்கிக்கொண்டேன். கடைசி ஆள் அவுட்டான பந்தில் தோளுக்குள் துணி கிழிவதுபோல ஒன்று கிழிந்தது. ஜெயித்துவிட்டோம். கேப்டனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். சோடாவை நான் இடது கையால் குடித்ததை விக்கெட் கீப்பர் மட்டும் கவனித்தான். என் பையைத் தூக்கிக்கொண்டு அறை வரைக்கும் வந்தான்.

கொஞ்ச காலம் வைத்தியம் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றேன். ஒரு ஃபோர் போனது. "ஏலே மாத்தாள், வாலே!" என்று சத்தம் கேட்டதும் என் கால் தானாக நடந்துவிட்டது. அதற்குள் ஆழ்வார்திருநகரியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த ஒரு குமாஸ்தா ஓடிப்போய்ப் பந்தை வாங்கிக்கொண்டான். என்னோடு சேர்ந்து அந்தப் பெயரும் ஓய்வெடுக்கும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அங்கே நின்ற அந்த நேரத்தைப் போலத் தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை. ஆபீஸில் கேப்டன் என்னிடம் முன்போலவே பேசினார், மூட்டைக் கணக்கைக் கேட்டார். தோளைப் பற்றிக் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஸ்ரீவைகுண்டத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். காப்பி போடப்போனவர், "பரண்ல கருப்பட்டி டப்பா இருக்கு, எடுலே. ஒங்க ஊருச் சரக்குதான்" என்றார். எட்டி எடுத்துக் கொடுத்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நீ எப்பம்லே எடதுகைக்காரன் ஆன?"

"ரொம்ப நாளாச்சு சார்."

காப்பி குடித்து முடித்தோம். எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். தட்டிலிருந்த ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து வேட்டியில் இரண்டு தரம் தேய்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார். நான் திரும்பிப் போய் வாங்கிக்கொண்டேன்.