துடக்கு வீட்டிலிருந்து வருகிறவள்

என் வேலையே துடக்கு வீடுகளில்தான். சண்டிலிப்பாய்ப் பக்கம் பிள்ளை பிறந்த வீடென்றால் தீட்டு; முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை கோயிலுக்குப் போகிற சனம் வாசல் படலையோடு நின்றுவிடும். குடும்பநல உத்தியோகத்தரான நான்தான் சீருடையோடு உள்ளே போய்த் தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும்.

என் மகள் பால்குடி மறக்கும் முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டேன். என் கணவரின் அம்மா, மாமிதான் அவளைப் பார்த்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் எனக்கு வேலையும் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: வேலையால் வந்ததும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். "பிள்ளை அழுதா உடனை பால் குடுங்கோ, காக்க வைக்காதேங்கோ" என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்து, என் பிள்ளை உள்ளே கத்தக் கத்தத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருப்பேன். என்ன கொடுமை இது!

ஒரு நாள் ஓர் இளம் தாய் தன் பிள்ளையைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழுகையென்றால் அப்படி ஓர் அழுகை. அவள் பிள்ளையை மடியில் வாங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். அது வாய் வைத்து உறிஞ்சத் தொடங்கியதும் எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. என் பிள்ளை பசியோடு கிடக்குமே என்று ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு வந்தேன்.

படலையிலேயே மகளின் அழுகை கேட்டது. மாமி வாசலில் நின்றார்.

"முழுகிப்போட்டு வாரும், பிள்ளை."

"பசிக்குத் துடக்குத் தெரியுமே மாமி?" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போய் அவளைத் தூக்கிப் பால் கொடுத்தேன். விக்கி விக்கிக் குடித்தாள். வீடு துடக்காகிவிட்டதென்று அன்று மாமி சாமியறையில் விளக்கு வைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பையோடு வந்து நின்றார். "நான் மகள் வீட்டை போறன். உம்மடை பிள்ளையை நீரே பாரும்."

என் கணவர் தேத்தண்ணியைக் குடித்தபடி, "அம்மா சொல்லுறதைக் கேட்டா உமக்கு என்ன குறைஞ்சு போகும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று கிளினிக் நாள். கர்ப்பிணிகள் வந்து காத்திருப்பார்கள்.

"இனி முழுகிப்போட்டே தூக்கிறன் மாமி" என்றேன். அவர் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

மாலையில் நான் வரும்போதும் மகள் அழுதுகொண்டுதான் இருந்தாள். யாரும் சொல்லாமலே கிணற்றடிக்குப் போனேன். அவசரப்பட்டு அள்ளி ஊற்றிவிட்டு ஈரத் தலையோடு உள்ளே ஓடினால், அழுகை நின்றிருந்தது. மாமியின் தோளில் தூங்கிவிட்டாள். கன்னம் இன்னும் காயவில்லை.

மாமி அவளைத் தடவியபடி சொன்னார்: "உம்மைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தது, பாவம்."